கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு

இருபத்தாறு வருடங்களாக மற்றவர்களின் நாக்கைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அடுத்த அறையில் இருக்கும் பல் டாக்டரும்தான் நாக்கைப் பார்க்கிறார். ஆனால் அவருக்கு அது ஒரு இடைஞ்சல். ஊசியைப் போட்டு அதை அரை மணி நேரம் சும்மா கிடக்கச் செய்துவிடுவார். இவள் வேலை, சும்மா கிடக்கிற நாக்கை எழுப்புவது. தூங்குகிற பிள்ளையை எழுப்புவது மாதிரிதான். கொஞ்ச வேண்டும், அதட்ட வேண்டும், அப்பாடா எழுந்துவிட்டது என்று நிமிரும்போது அது திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக வேண்டும் என்று அவள் கனவு ஒன்றும் கண்டவளில்லை. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வரிசை தெருமுனை வரை நின்றது. பக்கத்து ஜன்னலில் நாலே பேர்தான். "இது எதுக்கு?" என்று கேட்டாள். "பேச்சு சொல்லிக்கொடுக்கிற படிப்பாம்" என்றாள் முன்னால் நின்ற பெண். நின்றுவிட்டாள். ஒரு வாழ்க்கையே அப்படித்தான், வரிசை சின்னதாக இருந்ததால், தீர்மானமாகிவிட்டது.

இன்று அவளுக்கு என்று இரண்டு அறைகள். முன்னறையில் ஒரு மேசை, ஒரு டெலிபோன், அதன் பின்னால் ரேடியோ. ரேடியோ என்பது ஒரு பெண்மணியின் பட்டப்பெயர். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள், நாற்பது வயது, வாய் ஓயாது. பேச வராதவர்கள் வருகிற இடத்தில் இப்படி ஒருத்தியை உட்கார வைத்திருப்பதே கொடுமை என்று பல் டாக்டர் கேலி செய்வார். உள்ளறையில் ஆளுயரக் கண்ணாடி, மரக்குச்சிகள் நிறைந்த ஜாடி, சோப்புக் குமிழி ஊதும் புட்டி, குழந்தைகள் கடித்துக் கடித்து மூலை மழுங்கிய பட அட்டைகள். இரண்டு அறைகளுக்கும் நடுவே மெல்லிய பலகைக் கதவு. கதவை ஒட்டி, முன்னறைப் பக்கம், ஒரு மர பெஞ்சு.

உள்ளே சுவரில் அவள் கையாலேயே எழுதிய ஒரு பலகை தொங்கியது. 'பதிலை அவர் சொல்லட்டும்.' கூட வருகிற சொந்தக்காரர்கள் படிப்பதற்காக வைத்தது. ஆகவே அது அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அவள் கண்ணில் அது படுவதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் தொண்டை உப்புத்தாள் போலிருந்தது. இரண்டு வாரம் பேசாமல் இருந்தால்தான் சரியாகும் என்று தொண்டை டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிவிட்டது. "நான் பேசலேன்னா என் சார்பா யார் சார் பேசுவாங்க, நீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பதிலாக வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மாலையில் போனதும் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். "ஊருக்கே வாயைத் திறந்து விடுற. எனக்கு மட்டும் ஊமைப் படம் ஓட்டுற" என்பார் கணவர். சிரிப்பதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது. பாவம், அவரும் எத்தனை நாளைக்குத்தான் ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருப்பார்!

பன்னிரண்டு மணிக்குள் ஆறு பேர் முடிந்திருந்தார்கள். கரண்டியைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற பிள்ளை, தொண்டை கட்டிய கல்லூரி ஆசிரியர், போன் மணி அடித்தாலே திக்குகிற பேங்க் குமாஸ்தா. ஏழாவதாக ஏலக்காரர்.

பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவள் பேனாவை மூடிவைத்தாள்.

ஏலக்காரர் பழைய மேசை, பீரோ, கடிகாரங்களை ஏலம் விடும் கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் சுத்தியலைப் பிடித்தவர். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் என்று பெயர். போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. கேட்பதெல்லாம் புரியும், சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே இருக்கும். வார்த்தை மட்டும் வாசலுக்கு வராது. அதைவிடப் பெரிய சிறை மனுஷனுக்கு உண்டா?

முதல் நாள் அவரை அழைத்து வந்தது அவர் மனைவி. ஒல்லியான உடம்பு, தோளில் துணிப் பை, அதில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில்.

"உங்க பேர் என்ன சார்?" என்று இவள் கேட்டாள். மனைவி சொன்னாள்.

"வயசு?" மனைவி சொன்னாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு ரொட்டிதான் மேடம். மூணாவது வேணாம்னுட்டார்."

"வேணாம்னு அவரே சொன்னாரா?"

"அவர் எங்க சொன்னார்? நான்தான் புரிஞ்சுகிட்டேன். நாப்பத்தோரு வருஷமா புரிஞ்சுகிட்டுதானே இருக்கேன்!"

இவளுக்கு அன்றும் களைப்பு. கொஞ்சம் கறாராகவே சொன்னாள்: "அம்மா, இனிமே நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. நீங்க உள்ள இருந்தா அவருக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது."

அந்த அம்மாளின் முகம் ஒரு நொடி, கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட குழந்தை முகம் மாதிரி ஆயிற்று. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். செவ்வாயும் வெள்ளியும், எட்டு மாதம், அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

இவளுடைய தொழிலில் பேசுவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு: கேட்டுவிட்டுக் காத்திருப்பது. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அந்தப் பத்தும் பத்து வருடம் போல நீளும். ஏலக்காரருக்கு அந்த எண்ணிக்கை மாறியது. நாலாவது வாரம் ஒரு பட அட்டையைப் பார்த்து, 'கடிகாரம்' என்று சொல்ல முடியாமல் முக்கி முனகி, கடைசியில் கோபம் தலைக்கேறி இடது கையால் மேசையை ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் அறை அதிர வந்தது குரல்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

பழக்கத்தில் ஊறிப்போன சொற்கள் மூளையில் வேறு மூலையில் ஒளிந்திருக்கும் என்று அவள் படித்தவள்தான். ஆனாலும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏலக்காரர் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு அழுதார். அந்த நேரம் வெளியே ஒரு பாட்டில் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அவள் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்காகக் காத்திருக்கும்போது அவள் பத்து எண்ணுவதில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று மெதுவாக, மூச்சு விட்டு எண்ணுவாள். அவர் இடது கை தொடையிலிருந்து ஒரு விரல்கடை உயர்ந்தால் வார்த்தை வருகிறது என்று அர்த்தம். எட்டு மாதத்தில் முப்பது சொற்கள் தேறின. இரண்டு சொற்களைச் சேர்க்கவும் ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் அந்த அம்மாள் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இவள் துக்கத்துக்குப் போகவில்லை. அன்று பதினோரு பேர் வரவேண்டியிருந்தது. போகாததற்கு ஒரு காரணம் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரவில் படுத்தால் அந்த பெஞ்சு கண்முன் வந்து நின்றது.

ஐந்து வாரம் கழித்து ஏலக்காரரை மகள் அழைத்து வந்தாள். ஐந்து முறை வந்தார்கள். ஐந்து முறையும் அவர் ஒரு சொல் பேசவில்லை. முப்பது சொற்களையும் யாரோ வாரிக்கொண்டு போன மாதிரி.

இன்று ஆறாவது முறை. மகளின் கண்கள் வீங்கியிருந்தன.

"மேடம், எனக்கு லீவு முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை ரயில். அப்பா என்கூட வராரா, இங்கயே இருக்காரான்னு தெரியணும். வீட்ல கேட்டா சுவத்தைப் பாக்கிறார். சித்தப்பா இங்கயே இருக்கட்டும்ங்கிறார், அத்தை கூட்டிட்டுப் போங்கிறாங்க. எல்லாரும் பேசுறாங்க, அவர் மட்டும் பேசல. நீங்க கேட்டா சொல்லுவார் மேடம். அவர் வாயால ஒரு வார்த்தை. அது போதும் எனக்கு."

ஒரு மனுஷன் மிச்ச நாளை எந்தக் கூரையின் கீழ் கழிப்பது என்ற கேள்வி. அதை அவள் தொண்டை கட்டிய குரலில் கேட்டாள்.

"சார், இங்க உங்க வீட்டிலேயே இருக்கீங்களா? பொண்ணுகூடப் போறீங்களா? அவசரமே இல்ல. நிதானமா சொல்லுங்க."

ஒரு தரம்.

பக்கத்து அறையில் பல் டாக்டரின் இயந்திரம் கிர்ரென்று ஆரம்பித்தது. மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு தரம்.

ரேடியோ கதவைத் தட்டித் தலையை நீட்டினாள். "அக்கா, அடுத்தவங்க வந்தாச்சு. பாப்பா தூங்கிரும்னு அவங்கம்மா பறக்கிறாங்க." தலை மறைந்தது. மகள் விம்மத் தொடங்கினாள். இவளுக்குக் கழுத்து வலித்தது. ஆறு பேருக்காகக் காலையிலிருந்து காத்திருந்தாயிற்று. யாராவது எதையாவது சொல்லித் தொலைத்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ஏலக்காரரின் இடது கை தொடையிலிருந்து மெல்ல உயர்ந்ததை அவள் பார்க்கவில்லை. எட்டு மாதம் பழகிய அந்த விரல்கடை உயரத்தை, அன்று, பார்க்கவில்லை.

அவளே பேசினாள்.

"அப்பாவுக்கு அந்த வீட்டை விட்டு வர மனசில்லம்மா. நாப்பத்தோரு வருஷம் அம்மாகூட வாழ்ந்த வீடு. அங்க ஒவ்வொரு கதவிலயும் அவங்க கை பட்டிருக்கு. அதை விட்டுட்டு வான்னு கூப்பிட்டா எப்படி வருவார்? அதைச் சொல்ல முடியாமத்தான் வாயை மூடிட்டிருக்கார்."

சொல்லும்போது அவள் கண்ணே கலங்கிவிட்டது. அத்தனை அழகாக, அத்தனை கோர்வையாக வந்தது பேச்சு!

மகள் உடைந்துபோனாள். "அப்படியாப்பா? எனக்குப் புரியாமப் போச்சே! நான் உங்களை வற்புறுத்தலப்பா. ஒரு நல்ல ஆளாப் பாத்து வெச்சுட்டுப் போறேன். நீங்க இங்கயே..."

மேசை அதிர்ந்தது. பட அட்டைகள் எகிறித் தரையில் சிதறின. மரக்குச்சி ஜாடி கவிழ்ந்தது.

ஏலக்காரர் இடது கையை மேசையில் ஊன்றி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. வலது காலை இழுத்து இழுத்துக் கதவுவரை போனார். கதவைத் திறந்தார். திரும்பி, நேராக அவளைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி முன்னறையைச் சுட்டினார்.

"வெ..."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இந்த முறை எண்ணினாள். ஒரு தரம். இரண்டு தரம்.

"வெளியே" என்றார். உதடு நடுங்கியது. "பெஞ்சு."

மனைவி போனபிறகு அவர் பேசிய முதல் இரண்டு வார்த்தைகள் அவைதாம். அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதேசமயம், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லிவிட்டாரே என்று அந்தத் தொழில் புத்தி ஒரு மூலையில் குதித்தது. என்ன பிழைப்பு இது!

எழுந்து வெளியே வந்தாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறை.

ரேடியோ வாயைப் பிளந்தாள். "என்னக்கா, உங்களையே வெளிய அனுப்பிட்டாரா?"

"ஆமா."

"அடக் கடவுளே! எதுக்கு?"

"அவருக்குப் பதிலா நான் பேசிட்டேன்."

ரேடியோ என்னவோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்போது உள்ளே மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம். 'அப்பா, உக்காருங்க' என்று அவள் மெதுவாகச் சொன்னதும், காதருகில் சொன்னது போலக் கேட்டது.

அவள் திடுக்கிட்டாள். குரலைத் தாழ்த்தி, "ஏய், இங்க உக்காந்தா உள்ள பேசுறது கேக்குமா?" என்றாள்.

"கேக்குமாவா? மூச்சு விடுறதுகூடக் கேக்கும். பலகைக் கதவுதானே?"

"அப்போ அந்த அம்மா..."

"அந்தம்மா என்ன, சும்மாவா உக்காந்திருந்தாங்க? நீங்க உள்ள கேள்வி கேப்பீங்க, அவங்க இங்க வாயசைப்பாங்க. 'கடிகாரம், கடிகாரம்'னு. சத்தமே வராது. அவர் சொல்லிட்டார்னா அப்படியே கதவுல சாஞ்சுருவாங்க. சொல்ல முடியலேன்னா இவங்களுக்கு வேர்த்துக் கொட்டும். அன்னிக்கு ஒரு தரம் ரெண்டு தரம்னு கத்தினாரே, பாட்டிலைக் கீழ போட்டுட்டாங்க, தரையெல்லாம் தண்ணி. நான்தானே துடைச்சேன்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இங்கேருந்தும் எழுப்பி ரோட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு பயந்தாங்க. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க." ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வாழ்க்கையில நான் வெளிய விடாத ஒரே விஷயம் இதுதான்க்கா."

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு சொல்லையும் தனியாகத்தான் தூக்கினார் என்று அவள் நினைத்திருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, குரலே இல்லாமல், எட்டு மாதம் கூடவே தூக்கியிருக்கிறாள்.

அவள் கதவில் காதை வைத்தாள்.

"வீ..." என்றது ஏலக்காரரின் குரல். "வீடு..."

மகள் பேசவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே அந்தப் பலகை இருந்திருக்கும்: பதிலை அவர் சொல்லட்டும்.

"வீடு... வேணாம்."

"வேணாமா? அப்போ நீங்க என்..." மகள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவளின் பிடித்த கை தளர்ந்தது. விடு அம்மா, விட்டுவிடு, அவரே வருவார்.

"அம்மா... கூப்பிடுறேன்." மூச்சு இறைத்தது. "கூப்பிடுறேன்... இல்ல."

மகள் அழுதது கேட்டது. ஆனால் பேசவில்லை, புண்ணியவதி.

"ஒன்... ஒன்கூட..."

அடுத்த சொல் வரவில்லை. வகரத்தில் உதடு முட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை, நாலு முறை. பெஞ்சில் அவள் வாய் தானாகத் திறந்தது. சத்தமில்லாமல், கட்டிப்போன தொண்டையோடு, உதட்டை மட்டும் அசைத்தாள்: 'வரேன். வரேன். வரேன்.' எதிரே மேசைக்குப் பின்னால் ரேடியோவும் அசைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்த அடுத்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

உள்ளே முட்டல் நின்றது. ஒரு பெருமூச்சு. பிறகு கூடம் நிறைக்கும் அந்தப் பழைய குரல்.

"ஒரு தரம்!"

ரேடியோ நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ரெண்டு தரம்!"

பல் டாக்டரின் இயந்திரம்கூட நின்றிருந்தது.

"மூணு தரம்!" மேசையில் அடி விழுந்தது.

"சரிப்பா" என்றாள் மகள், சிரிப்பும் அழுகையுமாக. "முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ரயில்."

கதவு திறந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஏலக்காரர் நின்றார். கோபம் இறங்கியிருந்தது. அவள் எழப் போனாள். வேண்டாம் என்று கையமர்த்தினார். இடது கையால் பெஞ்சின் முதுகுப் பலகையை ஒரு முறை தடவினார். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் போய்விட்டார்.

"மன்னிச்சிருங்க சார்" என்று அவள் சொன்னது பாதிதான் வெளியே வந்தது.

மகளின் ஊரில் இதே தொழில் செய்கிற ஒருவருக்கு அவள் கடிதம் எழுத வேண்டும். எழுந்து உள்ளே போய் அட்டைகளைப் பொறுக்கினாள், குச்சிகளை ஜாடியில் போட்டாள், பேனாவை எடுத்தாள். நோயின் விவரம், தேறிய சொற்கள், எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'இவரிடம் கேள்வி கேட்டபின் மூன்று தரம் எண்ணுங்கள். அதற்குள் உங்களுக்கே பேசத் தோன்றினால், எழுந்து வெளியே போய்விடுங்கள்.' படித்துப் பார்த்தாள். ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் இன்னொருவருக்கு எழுதுகிற கடிதமாக அது இல்லை. அந்த வரியை அடித்துவிட மனமில்லாமல் மடித்துவைத்தாள்.

மணி ஒன்று ஆகப்போகிறது. இன்னும் ஐந்து பேர்.

"வரச் சொல்லு" என்றாள் ரேடியோவிடம்.

குழந்தையோடு அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தாள். மூன்று வயதுப் பெண் குழந்தை. பெரிய கண்கள். இதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லையாம். அவள் சுடுதண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, பட அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இது என்னடா செல்லம்?"

"பந்து மேடம், பந்துன்னு இவளுக்கு நல்லாத் தெரியும், வீட்ல..."

'அம்மா, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க.' இருபத்தாறு வருடமாகச் சொன்ன வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்வதற்குத் தெம்பு இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அந்தத் தாயைப் பார்த்தாள்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள். "ஆனா சத்தம் வேணாம்மா. வாயை மட்டும் அசைங்க."

தாய் விழித்தாள். குழந்தை தாயின் உதட்டைப் பார்த்தது.

அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு தரம்.